கொண்டைக் கள்ளியை வெட்டிய வீட்டுக்காரம்மா

ஷிப்ட் முடிந்து இன்று காலை பிள்ளைப்பாக்கம் வாடகை வீட்டுக்கு வந்தால், மாடியில் என் கொண்டைக் கள்ளி மொட்டையாக நிற்கிறது.

1991இல் வாங்கிய செடி. சேவல் கொண்டைபோல் மடிந்து மடிந்து விரியும். பக்கத்தில் நேராக முளைக்கும் சாதாரணத் தண்டை அவ்வப்போது வெட்டாவிட்டால் கொண்டை அழிந்துவிடும்.

வீட்டுக்காரம்மா கொண்டையை வெட்டிவிட்டு அந்தத் தண்டை விட்டுவைத்திருந்தார்.

"யாரைக் கேட்டு வெட்டினீங்க?" என்று கத்தினேன்.

"சீக்கு வந்து கோணிக்கினு இருந்துச்சு. நல்லா கீறத வுட்டுட்டேன். இதுக்கு இன்னாத்துக்குக் கத்துற?"

"முப்பது வருஷமா அது அப்படித்தான்!"

"அப்போ முப்பது வருஷமா சீக்கு."

குப்பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து, வெட்டுவாய் காயட்டும் என்று நிழலில் வைத்திருக்கிறேன். பிழைக்குமா, தெரியாது.

ஒரகடம் பக்கம் கத்தி எடுக்காத வீட்டுக்காரர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.