வேனுக்கு அடியில் குனிந்து பார்த்த அக்கா

வேனிலேயே குடியிருக்கும் எனக்கும் கணவருக்கும் இன்று காலை தண்ணீர் தீர்ந்துவிட்டது. குண்டடம் பக்கம் ஒரு தோட்டத்தில் மோட்டார் ஓடுவதைப் பார்த்து நிறுத்தினோம்.

தோட்டத்துக்கார அக்கா எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து, வேனுக்கு அடியில் இருக்கும் கழிவுநீர்த் தொட்டியைப் பார்த்தார்.

“ஏனுங்க, சாயப்பட்டறைக் கழிவுத்தண்ணி ஊத்த வந்தீங்களா?”

“இல்லீங்க்கா. பாத்திரம் கழுவுன தண்ணிங்க. நாங்க இந்த வேன்லதான் குடியிருக்கோம்.”

“ஏனுங்க, ஊடு இல்லீங்களா?”

அவர் நம்பவில்லை. “போன வருசம் இப்படித்தான் ஒரு வண்டி வந்து ஊத்திட்டுப் போயிருச்சுங்க. கெணத்துத் தண்ணிய மாடுகூடக் குடிக்கறதில்லீங்க. இப்ப போர்வெல் தண்ணிதானுங்க.”

என் கணவர் தொட்டிக் குழாயைத் திறந்து ஒரு வாளியில் பிடித்துக் காட்டினார். சோப்பு நுரையும் நாலு சோற்றுப் பருக்கையும் மிதந்தன. அக்கா முகர்ந்து பார்த்துவிட்டு, ஓஸ் பைப்பை எங்களிடம் நீட்டினார்.

நாங்கள் தண்ணீர் பிடிக்கும்போது வண்டி எண்ணைப் போனில் படம் எடுத்தார்.

“இன்னும் நம்பிக்கை வரலீங்களா?” என்றேன்.

“வந்துருச்சுங்க. நெம்பரும் இருக்கட்டுங்க.”

வேனில் குடியேற நினைப்பவர்கள் நல்ல தண்ணீர் கேட்பதற்கு முன் கழிவுத் தண்ணீரைக் காட்டிவிடுங்கள். எங்கள் வண்டி இதுவரை எத்தனை பேர் போனில் இருக்கிறதோ தெரியவில்லை. உங்களில் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.