தீ இல்லாமல் முந்நூறு டிகிரி

ஊருக்கு வந்தால் எனக்கு மட்டும் கேன் தண்ணீர். தம்பி வீட்டில் மற்ற எல்லோரும் குழாயில் வரும் ஒகேனக்கல் தண்ணீரைச் சொம்பில் மொண்டு குடிக்கிறார்கள். நான் வந்து இறங்கிய அன்று சாயங்காலமே ஒரு கேனும் வந்து இறங்கிவிடும். அதன் மேல் ஒரு புது டம்ளரைக் கவிழ்த்து வைப்பார்கள். நான் பிறந்து வளர்ந்த வீடு அது. "எனக்கு எதுக்கும்மா தனியா?" என்று கேட்டால், தம்பி மனைவி சுமதி, "உங்களுக்கு ஒத்துக்காதுங்க மாமா" என்று சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பில் ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று நான் உற்றுப் பார்க்கிறேன். அமெரிக்கா போய் வந்த வியாதி என்று நினைக்காதீர்கள். சின்ன வயசிலிருந்தே நான் சந்தேகப் பிராணிதான், கடல் தாண்டியதில் அது இன்னும் நன்றாகக் கொழுத்துவிட்டது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கேட்பதெல்லாம் கேட்டுவிட்டு அந்தக் கேன் தண்ணீரைத்தான் குடிக்கிறேன். குழாய்த் தண்ணீரைக் குடித்துப் பார்க்கும் தைரியம் எனக்கும் கிடையாது.

இந்தத் தடவை நான் சும்மா லீவுக்கு வரவில்லை. ஒரேயடியாகத் திரும்பி வந்துவிடலாமா என்று பார்க்க வந்தேன். என் தம்பி குமரேசன் மாரண்டஹள்ளியிலிருந்து பாலக்கோடு போகும் ரோட்டில் ஒரு கடை வைத்திருக்கிறான். தக்காளி லோடு ஏற்றி வரும் டிரைவர்களும் ஓசூரிலிருந்து பைக்கில் வரும் பையன்களும்தான் அவன் வாடிக்கையாளர்கள். இரும்புப் பீப்பாயைப் படுக்க வைத்து வெட்டி, உள்ளே கரி போட்டு, நேரடித் தீ படாமல் வெறும் சூட்டிலும் புகையிலும் கோழியை வேகவைக்கிறான். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுத் தொடை. டெக்சாஸில் நான் கற்றுக்கொண்டு, போன தடவை லீவில் வந்தபோது அவனுக்குச் செய்து கொடுத்த ஏற்பாடு அது. அவனோடு சேர்ந்து அந்தக் கடையைப் பெரிதாக நடத்தலாம், அவன் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு வீடு கட்டிக்கொள்ளலாம் என்று எனக்கு ஆசை. "உன் தம்பியை நம்பித்தானே போகப் போற? ஒருதடவை நேரா பாத்துட்டு வா" என்று என் மனைவி அனுப்பி வைத்தாள். அவளுக்கு என்னைத் தெரியும்.

அந்த அடுப்பின் மூளை ஒரு சின்னப் பெட்டி. எலக்ட்ரீஷியன்கள் சுவரில் பதிக்கும் பிளாஸ்டிக் பெட்டிதான். அதற்குள் ஒரு சர்க்கியூட் போர்டு, வெளியே சூட்டைக் காட்டும் டிஸ்பிளே. சென்சார் ஒயர் ஒன்று பீப்பாய்க்குள் போகும். பீப்பாயின் வாயில் பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய குட்டி ஃபேன் ஒன்று. சூடு நூற்றுப் பத்து டிகிரிக்குக் கீழே இறங்கினால் ஃபேன் ஓடிக் கரியை ஊதும், ஏறினால் தானாக நிற்கும். யாரும் பக்கத்தில் உட்கார்ந்து விசிற வேண்டாம். இதை நான் முதலில் டெக்சாஸில் என் வீட்டுப் பின்புறத்தில்தான் செய்து பார்த்தேன்.

அங்கே பக்கத்து வீட்டுக்காரர் பில், ரிட்டையர் ஆனவர், பார்பிக்யூ போடுகிற அன்று நாற்காலி போட்டு அடுப்புப் பக்கத்திலேயே நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். என் அடுப்போ தன்னந்தனியாகப் புகைந்துகொண்டு, ஒயர் தொங்க, சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டு நிற்கும். ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "அங்கே எல்லாம் நல்லாயிருக்கா?" என்று கேட்டார். குசலம் விசாரிக்கிறார் என்று நினைத்து, "ரொம்ப நல்லாயிருக்கோம், உங்க வீட்டில் எப்படி?" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார். மறுவாரம் நகராட்சியிலிருந்து ஒருவர் வந்து, மிகவும் மரியாதையாக, அந்தப் பெட்டி என்ன பெட்டி என்று கேட்டார். அப்போதுதான் பில் விசாரித்தது என் நலத்தை அல்ல என்று எனக்கு உறைத்தது. அங்கே சந்தேகம் பல்லைக் காட்டிக்கொண்டு வரும். நம் பக்கத்திலோ முகத்துக்கு நேராகவே கேட்டுவிடுவார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கையில்தான் ஊர் திரும்பும் ஆசையே வந்தது.

வந்து பார்த்தால் பெட்டி செத்துக் கிடக்கிறது. குமரேசன் பழையபடி முறத்தை வைத்து விசிறிக்கொண்டிருக்கிறான், கோழியோ ஒரு பக்கம் கருகி ஒரு பக்கம் வேகாமல் இருக்கிறது. "ஆடிக் கடைசியில ஒரு மழ பேஞ்சுதுங்ணா. நனஞ்சிருச்சி" என்றான். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, கரியைக் கிளறினான். சரி, மழைதானே, சரிசெய்துவிடலாம் என்று கடைக்குப் பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். கரண்ட் கொடுத்துப் பார்த்தேன். டிஸ்பிளே மட்டும் எரிந்தது, முந்நூறு டிகிரி என்று காட்டியது. பீப்பாய் ஜில்லென்று கிடக்கிறது, உள்ளே ஒரு கரித்துண்டுகூட இல்லை. தீயே இல்லாத இடத்தில் முந்நூறு டிகிரி. சூடு அதிகம் என்று பெட்டி நம்பிக்கொண்டிருப்பதால் ஃபேன் ஓடவே ஓடாது.

மூடியைக் கழற்றினேன். போர்டு முழுக்க வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. நம் வீடுகளில் வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படியுமே, அதே உப்பு. தர்மபுரிக்காரனுக்கு அதைப் பார்த்தால் போதும். மழைத் தண்ணீர் காய்ந்தால் இப்படி உப்புப் படியாது. இது போர்வெல் தண்ணீர். மேலே இருந்து யாரோ ஊற்றியிருக்கிறார்கள். அதுவும் கை தவறிச் சிந்தியது போல இல்லை, மூடியின் நடுவில் விழுந்து நாலாப் பக்கமும் வழிந்த தடம் தெரிந்தது. என் தம்பி என்னிடம் பொய் சொல்லியிருக்கிறான்.

திரும்பி வரலாம் என்று இருக்கிறேன் என்று நான் போனில் கோடி காட்டியது ஆடியில்தான். பெட்டி நனைந்ததும் ஆடியில்தான். அண்ணன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் கடைக்கு முதலாளி யார் என்ற கேள்வி வருமே, அதற்குப் பயந்து, பெட்டி போனால் அண்ணனின் ஆசையும் போய்விடும் என்று கணக்குப் போட்டானோ? சின்ன வயசில் என் பம்பரத்தை உடைத்துவிட்டு நாய் கடித்தது என்று சொன்னவன் இவன். சுமதி சோறு போட்டுவிட்டு நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள், அதிலும் எனக்கு ஒரு அர்த்தம் தோன்றியது. நான் உள்ளே வந்ததும் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். இந்த வீட்டுக்குப் பக்கத்தில் வீடு கட்டி மிச்ச வாழ்நாளை ஓட்ட முடியுமா என்று நினைத்துக்கொண்டே கேன் தண்ணீரைக் குடித்தேன்.

ஆனாலும் வேலையை விடவில்லை. மொபைல் ரிப்பேர் கடையில் போர்டு கழுவும் ஸ்பிரிட் கொஞ்சமும், ஈயம் வைக்கிற இரும்பு ஒன்று இரவலாகவும் வாங்கி வந்தேன். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் உப்பைத் தேய்த்து எடுத்தேன். சென்சார் ஒயர் வந்து சேரும் இரண்டு முனைகளுக்கு நடுவே உப்பு பாலம் கட்டியிருந்தது, அதனால்தான் அந்த முந்நூறு. செம்புக் கோடு ஒன்று பச்சைக் களிம்பேறி அரித்துப் போயிருந்தது, அதற்குப் பதிலாக மெல்லிய ஒயர் ஒன்றை வைத்துப் பற்றவைத்தேன். போர்டை வெயிலில் காயவைத்துவிட்டு மூடியைக் கழுவலாம் என்று எடுத்தேன். அதன் மூலைகளில் மஞ்சளாக ஏதோ கறை. கோழிக்குத் தடவும் மசாலாவாக இருக்கும் என்று துணி சோப்பைப் போட்டுத் தேய்த்தேன். மஞ்சள் பட்டென்று சிவந்தது. ஆரத்தித் தண்ணீரின் சிவப்பு.

மசாலாவிலும் மஞ்சள் உண்டுதான். ஆனால் எண்ணெய்ப் பிசுக்கு கொஞ்சம்கூட இல்லையே. இது வெறும் மஞ்சள் தண்ணீர். அவ்வளவுதான், எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. மஞ்சள் தண்ணீர் எதற்கு ஊற்றுவார்கள்? தோஷம் கழிப்பதற்கு. பீடை போகட்டும் என்பதற்கு. நான் வருகிறேன் என்றதும் என் பெட்டியை வைத்து என்னையே தலைமுழுகியிருக்கிறார்கள்! ஈர மூடியோடு கடைக்கு முன்னால் போனேன். குமரேசனும் சுமதியும் கோழிக்கு உப்புத் தடவிக்கொண்டிருந்தார்கள்.

"இது மழையாடா? மஞ்சள் கலந்து பெய்யுதா உங்க ஊர்ல மழை?" என்றேன். உங்க ஊர் என்று வாயில் வந்துவிட்டது. சுமதி எழுந்து நின்றாள். குமரேசன் கையைத் துடைத்துக்கொண்டான்.

"சொல்லிருங்க" என்றாள் சுமதி அவனிடம்.

"முனியப்பனுக்குக் கெடா வெட்டுனமுங்ணா, ஆடியில" என்று ஆரம்பித்தான். "தண்ணி ஊத்துனா ஆடு சிலுப்பவே இல்ல. ஊத்தறோம், ஊத்தறோம், கல்லாட்டம் நிக்குது."

வெளியூர் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் கிடாவை வெட்டுவதற்கு முன் அதன் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவோம். அது உடம்பைச் சிலுப்பினால்தான் சாமி உத்தரவு கொடுத்ததாகக் கணக்கு. சிலுப்பாத ஆட்டின் மேல் யாரும் கத்தியை வைக்க மாட்டார்கள். பங்காளிகள் எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள். யார் மனசில் குறை, யார் என்ன தப்பு செய்தது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

"பூசாரி கேட்டாரு, தலச்சன் எங்கன்னு. அமெரிக்காவுலன்னேன். ஒரு ஆளு கொறையுது, அதான் நிக்குதுன்னுட்டாரு. உங்களுக்குப் போன் போட்டோம், எடுக்கல. அங்க நடுராத்திரி. உங்கண்ணன் துணி ஏதாச்சும் கொண்டாந்து ஆட்டுப் பக்கத்துல வெச்சு, அதுக்கும் தண்ணி ஊத்துங்கன்னாங்க. வூட்டுக்கு ஓடியாந்து தேடறேன்... உங்க துணி ஒண்ணுகூட இல்லங்ணா."

சுமதி சொன்னாள்: "பீரோ, பரண் எல்லாம் பாத்தோங்க மாமா. ஒரு துண்டுகூட இல்ல. வர்றப்ப பொட்டியோட வரீங்க, போறப்ப எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுப் போயிர்றீங்க."

"உங்க கையால செஞ்சது இது ஒண்ணுதான் இருந்துச்சு. எடுத்துக்கிட்டுப் போயி வெச்சோம். மூடி இருக்குதே, உள்ள போவாதுன்னு நெனச்சுட்டேன். ஒரு சொம்புதாங்ணா ஊத்துனது. ஊத்துன ஒடனே சிலுப்பிருச்சி."

தெறித்த தண்ணீர் ஆட்டின் காதுக்குள் போயிருக்கும் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. புத்தி அப்படி. ஆனால் அதைச் சொல்லவில்லை. கடை வாசலில் ஈர மூடியைப் பிடித்துக்கொண்டு, தக்காளி லாரிக்காரர்கள் பார்க்க, நான் அழுதேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் நிற்கவில்லை.

"அத ஏன்டா மறைச்ச?" என்று கேட்டேன்.

"பொட்டி போச்சுன்னு திட்டுனா வாங்கிக்குவேன். சாமி சமாச்சாரத்தக் கேட்டு நீங்க சிரிச்சிட்டா இவ தாங்க மாட்டா" என்றான் குமரேசன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெட்டியை மாட்டினோம். டிஸ்பிளே முதலில் முப்பத்தொன்று என்று காட்டியது, அது அன்றைய வெயில். கரி பற்றியதும் மெல்ல ஏறி நூற்றுப் பத்தில் நின்றது. ஃபேன் ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது. குமரேசன் முறத்தைத் தூக்கிப் பின்பக்கம் போட்டான். தொடை எலும்பிலிருந்து கறி தானாகக் கழன்று வந்தது. எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நான் சொன்னேன்: "அடுத்த ஆடிக்கு நானே வந்து ஆட்டுக்குப் பக்கத்துல நிக்கிறேன். வந்துர்றேன்டா, ஒரேயடியா." இருவரும் சந்தோஷமாகத் தலையாட்டினார்கள். தலையாட்டிவிட்டு ஒருவரை ஒருவர் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்கள். அதை நான் கவனிக்காமல் இருப்பேனா?

கிளம்புகிற அன்று சூட்கேஸ் அடுக்கும்போது நீலக் கட்டம் போட்ட சட்டை ஒன்றைக் காணோம். கொடியில் தேடினேன், கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். கடைசியில் உள் அறையில் குமரேசனின் சட்டைகளோடு சட்டையாக, துவைத்து ஆணியில் மாட்டியிருந்தது. எடுக்கப் போனேன்.

"அது இங்க இருக்கட்டுங்க மாமா" என்றாள் சுமதி.

"நான்தான் வந்துர்றேன்னு சொன்னேனே?"

குமரேசன் என் சூட்கேஸைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். "வாங்கண்ணா, யாரு வேணாங்கறது? எதுக்கும் அது ஒண்ணு இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வாசலில் நின்ற காரை நோக்கி நடந்தான்.

இதை டெக்சாஸில் உட்கார்ந்து எழுதுகிறேன். வீடு விற்பதைப் பற்றி இன்னும் யாரிடமும் பேசவில்லை, வேலையை விடுவதாகவும் எழுதிக் கொடுக்கவில்லை. சட்டை அங்கே ஆணியில் தொங்குகிறது. அடுத்த ஆடியில் முனியப்பன் முன்னால் எங்களில் ஒருவர் நனைந்தாக வேண்டும். நானா அதுவா என்று என் தம்பிக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.