மைக் திறந்திருந்தது

எங்க வீடு தாம்பரத்துல, விமானப்படை நிலையத்துக்குப் பின்னாடி. பயிற்சி விமானம் தலைக்கு மேல ஓயாம சுத்தும். பொறந்ததுலேர்ந்து கேக்கற சத்தம், காதுலயே ஏறாது.

உக்ரைன்ல மூணாவது வருஷம் டாக்டருக்குப் படிக்கும்போது போர் வந்து, ஒரே ஒரு பையோட ஓடி வந்தவன் நான். அப்புறம் லேப்டாப்லதான் காலேஜ். ஒரு இடத்துல உக்கார முடியல. ஹாலுக்கும் பால்கனிக்கும் நடந்துகிட்டே இருப்பேன். "தரை தேயுதுடா, உக்காரு" என்பாங்க அம்மா.

பாடம் எடுத்த மேடம் அந்த ஊரை விட்டு வரல. முதல் வாரமே என் மைக் வழியா விமானச் சத்தம் போனதும், நாற்காலியைத் தள்ளிட்டு எழுந்துட்டாங்க. "ஐயோ மேடம், இது எங்க ஊரு விமானம்"னேன். சிரிச்சாங்க, ஆனா ஜன்னலை ஒரு தடவை எட்டிப் பார்த்துட்டுத்தான் உக்கார்ந்தாங்க. அதுலேர்ந்து வகுப்புல மைக்கை மூடியே வைப்பேன்.

வாய்மொழித் தேர்வு வந்துச்சு. ஃபெயிலானா ஒரு வருஷம் போச்சு. நானோ புத்தகத்தையே தொடல. படிக்கிற மனசா அது? இதய வால்வு பத்தி முதல் கேள்வி. திருதிருன்னு முழிச்சேன். அந்த நேரம் பார்த்து மேல விமானம். பதில் சொல்லணும்னு மைக்கைத் திறந்து வெச்சிருந்தேன். மேடம் முகம் வெளுத்துப்போச்சு. என்னையே பார்த்தாங்க. "நம்ம விமானம்தான் மேடம்"னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லல. மேடம் எழுந்து ஓடிட்டாங்க. அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு. சீ, நானெல்லாம் ஒரு மனுஷனா?

அன்னிக்கு அவங்க திரும்பி வரவே இல்ல. தேர்வு நாளைக்குன்னு மெசேஜ் மட்டும் வந்துச்சு. வேற வழியில்லாம அந்த வால்வு பாடத்தைப் போட்டு உருட்டினேன்.

மறுநாள் மேடம், குண்டு விழுந்தா பதுங்கற பேஸ்மென்ட்ல உக்கார்ந்து போன்லேர்ந்து வீடியோவுல வந்தாங்க. பின்னால ஈரச் சுவர்.

"மேடம், நேத்து..."ன்னு இழுத்தேன்.

"உங்க ஊரு விமானம்தானே? பாதிப் படி இறங்கும்போதே தெரிஞ்சுது, சைரன் அடிக்கவே இல்லையே. ஆனா மேல ஏறக் கால் வரல. திடீர்னு ஓடிட்டேனே, நீ பயந்துட்டியா?"

இல்லன்னு தலையாட்டினேன். அதே கேள்வியைக் கேட்டாங்க. கடகடன்னு ஒப்பிச்சேன். முழு மார்க்.

சாயங்காலம் அம்மா எதிர்வீட்டு அக்காகிட்ட அந்த மார்க்கைப் பெருமையா சொல்லிகிட்டிருந்தாங்க. மேல ஒரு விமானம் போச்சு. மைக்கை மூட என் கை பரபரன்னு ஓடுச்சு. லேப்டாப்பையே மத்தியானம் மூடி வெச்சாச்சு.