மூன்றாவது வரியில் அம்மா

இந்தக் கோயம்புத்தூர் கிளப்பில் செருப்போடு விடமாட்டார்களாம். துரைமார் போட்ட சட்டத்தை இன்னும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். வாசலில் சண்டை போட்டு, கடைசியில் காவலாளியின் ஷூவை மாட்டிக்கொண்டு உள்ளே போகிறேன்.

பாலக்காடு போகும் வழியில் எனக்கு இங்கே ஒரே வேலைதான். மில் அதிகாரியான அப்பா இங்கே சீட்டாட வந்த காலத்தில், தான் டென்னிஸ் கோப்பை ஜெயித்ததாக அம்மா சொல்வாள். வீட்டில் ஒருத்தரும் நம்பியதில்லை. நானும் சிரித்திருக்கிறேன்.

கூடத்தில் ஜெயித்தவர்களின் பெயர்ப் பலகை தொங்குகிறது. பெண்கள் வரிசையில் சரோஜா என்ற அம்மாவின் பேரே இல்லை. “எங்கம்மா பேரக் காணோமே,” என்று பக்கத்தில் நின்றவரிடம் கேட்கிறேன்.

“ஏனுங்க, உங்கப்பா பேரத் தேடுங்க,” என்கிறார் உறுப்பினர்களுக்கு டென்னிஸ் பழக்கும் மார்க்கர். “அப்பெல்லாம் அம்மணிங்க பேர எழுத மாட்டாங்க. ஊட்டுக்காரர் பேருதானுங்க.”

மூன்றாவது வரியில் இருக்கிறது: மிஸஸ் குப்புசாமி. அப்பாடா என்று மூச்சு வருகிறது. அங்கேயே நின்று அம்மாவுக்கு போன் போடுகிறேன்.

“இருக்குதும்மா. ஆனா அப்பா பேர்ல இருக்குது.”

“அந்த மனுசனுக்கு பேட்டப் புடிக்கவே தெரியாது கண்ணு,” என்று அம்மா சிரிக்கிறாள்.