நிறையாத தொட்டி

அந்தத் தெருவில் அவளை எல்லோரும் 'சொட்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் மாதிரி எடுக்கும் வேலை. பாட்டிலுக்குள் காற்றுக் குமிழி நிற்கக் கூடாதென்று கிணற்றடியில் குந்தி உட்கார்ந்து, "இன்னும் ஒரு சொட்டு, இன்னும் ஒரே ஒரு சொட்டு" என்று வாய் தளும்ப ஊற்றச் சொல்வாள். பெயர் ஒட்டிக்கொண்டது. ஒருநாள் அவளுடைய மேலதிகாரியே வாய் தவறி "சொட்டு மேடம்" என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அவள் அதற்கெல்லாம் கோபிக்கிற ஆளில்லை. முக்கால் பாட்டில் நிரப்பி நீட்டுகிறவர்களைக் கண்டால்தான் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

இந்த வருடம் ஒரு புது வேலை வந்தது. வீடுகளின் செப்டிக் டேங்குகளால் நிலத்தடி நீரில் நைட்ரேட் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். வீடு வீடாகக் கிணற்றுத் தண்ணீர் எடுத்து, கூடவே கேள்வியும் கேட்க வேண்டும்: தொட்டி எங்கே இருக்கிறது, கிணற்றிலிருந்து எவ்வளவு தள்ளி, கடைசியாக எப்போது லாரி வைத்துக் கழிவை எடுத்தீர்கள். முதலில் முகம் சுளித்தவர்கள்கூடக் கடைசிக் கேள்விக்கு நெஞ்சை நிமிர்த்தினார்கள்.

"எடுத்ததே இல்லம்மா. கட்டின நாள்லேர்ந்து நெறையவே இல்ல."

பிள்ளை வாங்கிய மார்க்கைச் சொல்வதைப் போலச் சொல்வார்கள். இந்தப் பெருமையில் முதல் பரிசு சொட்டின் கணவருக்குத்தான் கொடுக்க வேண்டும். அவர் மோட்டார் மெக்கானிக். கொத்தனாரோடு கூட நின்று கட்டிய தொட்டி. வேறு யார் வீட்டுக்காவது கழிவு லாரி வந்தால், வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்று பரிதாபமாகப் பார்ப்பார். உண்மையைச் சொல்ல வேண்டுமானால் சொட்டுக்கும் அதில் கொஞ்சம் மிதப்பு உண்டு.

சரிவான அந்தத் தெருவில் அவர்களுக்கு அடுத்துக் கீழே இருப்பது தையல்காரக்காவின் வீடு. நடுவில் ஒரு குட்டிச் சுவர்தான். கூடப் பிறந்திருந்தால்கூட அவ்வளவு ஒட்டுதல் இருந்திருக்காது. சொட்டு பிரசவித்துக் கிடந்தபோது சமைத்துப் போட்டது அக்கா. அக்காவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோது ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தது சொட்டு. இப்போது அக்காவின் மகள் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். தாய்ப்பால் போதாமல் பெரும்பாலும் புட்டிப்பால்தான்.

தெருவின் மாதிரிகளுக்கு முடிவு வந்த அன்று, அக்கா வீட்டுக் கிணற்றின் நைட்ரேட் அளவில் சொட்டின் கண் நின்றது. இருக்கலாம் என்கிற அளவைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். சாப்பாட்டு டப்பாவைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டு ஓடினாள்.

"அக்கா, குழந்தைக்கு எந்தத் தண்ணில பால் கலக்குறீங்க?"

"நம்ம கிணத்துத் தண்ணிதான். சும்மா இல்லடி, பாதியா சுண்டுற வரைக்கும் காய்ச்சித்தான் கலக்குறேன். ஒரு கிருமி கிட்ட வருமா?"

சொட்டு தலையில் அடித்துக்கொண்டாள். "கிருமி செத்துடும்க்கா, இது சாகாது. உப்பு மாதிரி. சுண்டச் சுண்ட கூடத்தான் செய்யும். பச்சக் குழந்தைக்கு ரத்தத்துல பிராணவாயு ஏறாமப் போயிடும், உதடெல்லாம் நீலமாயிடும்."

மூன்று பெண்களும் குனிந்து குழந்தையின் உதட்டைப் பார்த்தார்கள். அது இளஞ்சிவப்பாகத்தான் இருந்தது, கொட்டாவியும் விட்டது. டாக்டரும் பார்த்துவிட்டு, ஒன்றும் ஆகவில்லை, உடனே தண்ணீரை மாற்றுங்கள் என்றார். திரும்பி வரும் வழியில் அக்கா கேட்டார்.

"எங்கேர்ந்துடி வந்துச்சு இது?"

"பாக்கணும்க்கா" என்றாள் சொட்டு. பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. சரிவில் அந்தக் கிணற்றுக்கு மேலே இருப்பது ஒரே ஒரு வீடு.

சாயங்காலம் வீட்டுக்காரர் கையிலிருந்த கிரீஸைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்.

"நம்ம தொட்டிக்கு அடியில என்னங்க போட்டீங்க?"

"அடியில எதுக்கு? வெறும் மண்ணுதான். தளம் போட்டா சீக்கிரம் நெறஞ்சிடும்னு கொத்தனார் சொன்னார்."

"நெறையலன்னா அதெல்லாம் எங்க போகுது?"

"மண்ணு குடிச்சிடும்."

"மண்ணு குடிக்கலங்க. அக்கா வீட்டுக் குழந்தை குடிக்குது."

அவர் குழாயை மூடவும் மறந்து நின்றார். மோசமான மனிதர் இல்லை. அக்கா கூப்பிட்டால் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போகிறவர். அதனாலேயே பயந்தார்.

"யாருக்கும் தெரிய வேணாம். சத்தமில்லாம தளம் போட்டு, கழிவுத் தண்ணிய ரோட்டுப் பக்கம் குழி வெட்டித் திருப்பிடலாம். இதச் சொல்லிட்டு அக்கா மூஞ்சில எப்படி முழிக்கிறது?"

சொட்டுக்கும் அதுதான் பயம். விஷயம் வெளியே வந்து வேலையே போனாலும் வேறு வேலை தேடலாம். அக்கா பேசாமல் போய்விட்டால் அவள் எங்கே போவாள்? ஆனால் நாளைக்கு அந்த வீட்டுக்குப் போய், குழந்தையைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு, எதுவும் தெரியாதவளைப் போல உட்கார்ந்திருக்க அவளால் முடியாது.

காலையில் போனாள். அக்கா மிஷினில் உட்கார்ந்திருந்தார். சொட்டு நின்றபடியே சொன்னாள்.

"எங்க தொட்டிதான்க்கா."

மிஷின் நின்றது. அக்கா ஊசியிலிருந்து துணியை உருவி மடித்து வைத்தார்.

"நேத்தே தெரியுமா?"

"தெரியும்க்கா. நீங்க பேசாம போயிடுவீங்களோன்னு பயந்துட்டேன்."

"அப்போ இத்தன வருஷமா நீ இங்க வந்து குடிச்ச டீ?"

"அதே தண்ணிதான்க்கா."

அக்காவின் உதட்டோரம் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்து அடங்கியது. பிறகு உள்ளே போய்க் குழந்தையைத் தூக்கி வந்தார். கொடுக்கலாமா வேண்டாமா என்பது போல ஒரு நிமிடம் நின்றார். சொட்டுக்குக் கையை நீட்டக்கூடத் தைரியம் வரவில்லை. அக்காவே அவள் கையை இழுத்துக் குழந்தையை அதில் வைத்தார்.

"எனக்குக் கோவம் போகலடி. போக நாளாகும்" என்றார். "அது வரைக்கும் தினமும் வந்துட்டுப் போ."