நுரை வராத குழாய்

என் மனைவியின் தம்பி வாங்கிய பழைய ஸ்போர்ட்ஸ் கார், நின்ற இடத்திலேயே உறுமுவதும் தணிவதுமாக இருந்தது.

“வேக்குவம் லீக்குன்னு சொல்றாங்க மாமா. நீதான் லீக் புடிக்கிற ஆளாச்சே” என்றான்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலையில் அழுத்தக் காற்று ஓடும் குழாய்களைப் பார்த்துக்கொள்பவன் நான். அங்கே சோப்புத் தண்ணீரைத் தடவினால் கசியும் இடத்தில் நுரை பொங்கும். அதேபோல, இன்ஜின் ஓட ஓட ஒவ்வொரு குழாயாகத் தடவினேன். ஒரு குமிழிகூட வரவில்லை.

“இன்னா மாமா, சோப்பு வேஸ்டா?”

எரிச்சலில் மிச்சத்தையும் ஒரு ரப்பர் குழாயின் மேல் ஊற்றினேன். உறுமல் சட்டென்று சீரானது. குனிந்து பார்த்தேன். சோப்புத் தண்ணீர் ஒரு வெடிப்பை அடைத்தபடி உள்ளே போய்க்கொண்டிருந்தது. இந்தக் குழாய் காற்றை வெளியே விடவில்லை, உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது.

மறுநாள் வேலையில், நுரை வராத குழாய்களையெல்லாம் சந்தேகமாகப் பார்த்தேன்.