மூடி வெச்ச ஜாயின்ட்

காளப்பநாயக்கன்பட்டியில டிங்கர் வேலை செய்யற அப்பாஸ் அலி பாய்கிட்ட வண்டி விடறதுக்கே ஒரு தைரியம் வேணுமுங்க. வாயைத் தொறந்தா நெருப்பு. துருவை அறுக்காம மேலாப்புல பட்டி மாவு வெச்சு மெழுகிக் குடுங்கன்னு கேட்ட லாரிக்காரரை, அந்த நிமிசமே வெளிய அனுப்பிக் கேட்டைச் சாத்தின ஆளு. அவரு ஊட்டுக்கார அம்மா ரோஷன் பேகம் வந்து ரெண்டு நல்ல வார்த்தை சொல்றதாலதான் பாதிப் பேரு மறுபடி வாராங்க. ஆனா எனக்குக் கோவம் அவரு மேல இல்லீங்க. எங்க ஊட்டு ஆம்பளைங்க மேல.

எங்களுக்கு மலை மேல திருப்புலி நாடு. ஊர்ப் புள்ளைங்களைப் பள்ளிக்கூடத்துல கொண்டுபோய் விட, எங்க மவளையும் சேத்துத்தான், என்ற ஊட்டுக்காரரு யுவராஜ் ஒரு பழைய ஜீப்பு வாங்கினாரு. அடித்தகடு பூராத் துரு. பாய் அதை அறுத்தெறிஞ்சு, புதுத்தகடு வெச்சு வெல்டிங் அடிச்சு, ஜாயின்ட்டை எல்லாம் கிரைண்டர்ல பளபளன்னு தேச்சு வெச்சாரு. ஈரம் படக் கூடாது, இடுக்குல தண்ணி எறங்காம அடைக்கிற சீலரைத் தானே வந்து அடிக்கறேன்னு சொல்லிட்டு, எங்க ரெண்டு பேரையும் பட்டறையில விட்டுட்டு வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போனாரு.

அவரு தலை மறையறதுக்குள்ள எங்க மாமனாரு மலையில இருந்து பஸ்ஸுல வந்து எறங்கினாரு. நல்ல நாளு, புது இரும்பு, சும்மா உடுவாரா? ஜாயின்ட்டு நெடுக மஞ்சத் தண்ணி தெளிச்சு, குங்குமம் வெச்சு, தேங்காயை ஒடைச்சு அந்தத் தண்ணியையும் அது மேலயே ஊத்தினாரு. என்ற புருசன் வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லோணுமே? கையைக் கட்டிட்டு நின்னாரு. அப்பறம் பாய் வந்தா கிழிச்சுப் போடுவாருன்னு பயம் வந்துருச்சு. என்ன பண்ணினாரு தெரியுமுங்களா? துணியில மேலாப்புல தொடைச்சுட்டு, அங்க இருந்த சீலரை எடுத்து ஜாயின்ட்டு பூராவும் அப்பி மூடிட்டாரு. ரெண்டு தகட்டுக்கு நடுவுல தண்ணி அப்படியே நிக்குது. உள்ளயே அரிச்சு, ஒரு நாளைக்குக் கொண்டை ஊசி வளைவுல தகடு பேந்துச்சுன்னா புள்ளைங்க கதி என்னங்க? கூடவே நின்னு பாத்த நான் வாயைத் தொறக்கப் போனேன். மாமனாரு என்னைப் பேசாதேன்னு கண்ணைக் காட்டறாரு.

பாய் வந்ததும் யாரு சீலர் அடிச்சதுன்னு கேட்டாரு. உங்களுக்கு வேலை மிச்சமாகட்டும்னு நாந்தான் அடிச்சேன்னு என்ற புருசன் சிரிக்கறாரு. சிரிப்பு வேற கேக்குது அந்த மூஞ்சிக்கு.

"பாய், உள்ள தண்ணி நிக்குதுங்க"ன்னு நான் சொல்லிட்டேன்.

நடந்ததை எல்லாம் கொட்டினேன். பாய்க்கு மொகம் செவந்து போச்சு. நேராப் போய் கிரைண்டரைத் தூக்கினாரு. பூசை பண்ணுனதை அறுக்கறயான்னு மாமனாரு குறுக்க விழுந்து சண்டைக்கு நின்னாரு.

"நீங்க சாமி கும்பிட்டதுக்கு நான் ஒண்ணும் சொல்லலீங்க. மூடி வெச்சதுக்குத்தான் கேக்கறேன்"னாரு பாய்.

அப்பறம் யுவராஜ் பக்கம் திரும்பினாரு. கத்தப் போறாருன்னு பாத்தேன். கத்தலை.

"உன்ற புள்ளை இதுல எங்க உக்காரும்?"

யுவராஜ் கை காட்டின எடம், அவரே அப்பி மூடின ஜாயின்ட்டுக்கு நேர் மேல. நீட்டின கையை எறக்க முடியாம அப்படியே நின்னாரு. பாய் அந்தக் கையிலயே கிரைண்டரைக் குடுத்தாரு.

சுவிட்சை நான் போட்டேன்.